கோலை மீனுக்காக வாங்காதீர்கள், இரைக்காக வாங்குங்கள்

கேள்வி கேட்டவர் கனடாவின் ஒன்டாரியோவில் சில ஆண்டுகளாகப் பாஸ் மீன் பிடித்துப் பழகியவர். அவரிடம் இருப்பது பாஸ் மீனுக்கான ஏழடித் தூண்டில் கோல். வரும் பருவத்தில் கவார்த்தா ஏரிகளில் மஸ்கி என்ற பெரிய வேட்டை மீனைப் பிடிக்க இறங்குகிறார். பத்தாம் எண் தகடுகள் இரண்டு சுழலும் பக்டெய்ல் என்ற செயற்கை இரை ஒன்றும், கை நீளத்துக்கு ஒரு பெரிய ரப்பர் இரையும் ஏற்கெனவே வாங்கிவிட்டார். “நாற்பது பவுண்டு மீனைத் தாங்கும் கோல் எது? என்னால் ஒன்றுதான் வாங்க முடியும்” என்பது அவர் கேள்வி.

முதலில் அந்த நாற்பது பவுண்டு மீனை மறந்துவிடுங்கள், தம்பி. வரும்போது வரட்டும். மஸ்கியைப் ‘பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன்’ என்று இங்கே சொல்வார்கள். அது மிகைதான். ஆனாலும் ஒரு பருவம் முழுக்க உங்கள் கோல் மீனின் பாரத்தில் வளைந்து நின்ற நேரத்தைக் கூட்டினால், ஒரு வேளை சாப்பிட்டு முடிக்கும் நேரம் தேறினால் அதிகம். மற்ற நேரமெல்லாம் வீசுவதும் இழுப்பதும்தான் அதன் வேலை. நாளொன்றுக்கு நானூறு வீச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரப்பர் இரை 8 அவுன்ஸ் இருந்தால் ஏறத்தாழ 227 கிராம். மாலைக்குள் 90 கிலோவை எறிந்திருப்பீர்கள். 25 கிலோ அரிசி மூட்டை நான்கில் கொஞ்சம் குறைவு. எறிந்ததை எல்லாம் தண்ணீருக்குள் இழுத்தும் வந்திருப்பீர்கள். கோலைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த வேலைக்காகத்தான்.

ஆகவே உங்கள் கையில் இருக்கும் இரைகளிலிருந்து தொடங்குவோம். ஒவ்வொரு கோலின் பிடிக்கு மேலேயும் பொடி எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும்: எவ்வளவு எடை தாங்கும் நூலுக்கு, எவ்வளவு எடையுள்ள இரைக்கு என்று. கடைக்குப் போகிற பலரும் ‘ஹெவி’ என்ற சொல்லைப் பார்த்ததும் எண்ணைப் படிக்காமல் எடுத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ‘ஹெவி’ என்பது ஒரு பொது அளவு அல்ல. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி ஒட்டிக்கொள்ளும் பெயர் அது. பாஸ் கோல்களில் ‘ஹெவி’ என்றால் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு அவுன்ஸோடு நின்றுவிடும். மஸ்கி கோல்களின் உலகம் ஏறத்தாழ அங்கேதான் தொடங்குகிறது. முதல் ஆண்டு என் ‘ஹெவி’ பாஸ் கோலில் 4 அவுன்ஸ் ரப்பர் ஒன்றைக் கட்டிப் பிஜன் ஏரியில் வீசினேன். காலை முழுவதும் தாங்கியது. மதியம் சற்று வேகமாக வீசியபோது, நுனியிலிருந்து இரண்டாவது வளையத்துக்குக் கீழே ‘பட்’டென்று முறிந்தது. குறை கோலில் இல்லை. அதில் தெளிவாக எழுதியிருந்ததை நான்தான் படிக்கவில்லை.

எழுதியிருக்கும் உச்ச எடையையும் நம்பி அப்படியே வீசிவிடாதீர்கள். 8 அவுன்ஸ் வரை என்று எழுதிய கோலில் நாள் முழுவதும் 8 அவுன்ஸ் வீசுவது, ஐந்து பேர் போகும் காரில் ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு தினமும் மலை ஏறுவது போல. போகும், ஆனால் சுகப்படாது. நீங்கள் அதிகம் வீசப்போகும் இரையின் எடை அந்த வரம்பின் நடுவிலோ, நடுவுக்குச் சற்று மேலேயோ விழ வேண்டும். அங்கேதான் கோல் இரையின் கனத்தில் நன்றாக வளைந்து, தானே நிமிர்ந்து எறியும். இரை அதைவிட லேசாக இருந்தால் கோல் வளையாது, உங்கள் தோள்தான் உழைக்க வேண்டும். கனமாக இருந்தால் நுனி தொய்ந்து, வீச்சு எங்கு போகிறது என்று அதற்கே தெரியாது.

எடை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவீர்கள். பலர் தவறவிடும் இடம் இது. உங்கள் பக்டெய்லைத் தராசில் வைத்துப் பாருங்கள். 3 அவுன்ஸை ஒட்டித்தான் நிற்கும். ரப்பரோ அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. காகிதத்தில் பார்த்தால் பக்டெய்ல் லேசான இரை. தண்ணீரில் இழுத்துப் பாருங்கள், அப்போது தெரியும். கொலராடோ எனப்படும் இரண்டு பெரிய வட்டத் தகடுகள் சேர்ந்து சுழன்று தண்ணீரைத் தள்ளும்போது, வாளியைக் கட்டி இழுப்பது போலிருக்கும். ரப்பரை வீசும்போது கனம். பக்டெய்லை இழுக்கும்போது கனம். நடுத்தர வலுவுள்ள கோலில் அந்தத் தகடுகளை இழுத்தால், மீன் எதுவும் இல்லாமலேயே கோல் பாதி வளைந்து நிற்கும். அந்த நிலையில் மீன் கடித்தால் முள்ளைப் பாய்ச்ச மிச்சம் இருக்கும் வலு போதாது. வீச முடிகிறதா என்று மட்டும் பார்க்காமல், இழுக்கும்போது கோலில் எவ்வளவு வலு பாக்கி இருக்கிறது என்றும் பாருங்கள்.

நீளத்துக்கு வருகிறேன். அந்தக் கால மஸ்கி கோல்கள் ஐந்தரை, ஆறடிதான். துடைப்பக் கட்டை போல விறைப்பாக இருக்கும். அதற்கும் காரணம் இருந்தது. விஸ்கான்சினின் ஆன்டிகோவிலிருந்து வந்த சூயிக் போன்ற மர இரைகளைக் கீழ்நோக்கி வெடுக்கென்று இழுத்து ஆட்ட வேண்டும். நீண்ட கோல் என்றால் நுனி தண்ணீரில் அடிக்கும். போதாததற்கு, மஸ்கி கடித்தால் பற்கள் மரத்தில் இறங்கிவிடும். இரை அதன் வாயில் நகர்ந்தால்தான் முள் ஏறும் என்பதால் விறைப்பு வேண்டியிருந்தது. 1990களில் நீட்சியே இல்லாத பின்னல் நூல் வந்தது. இரைகளும் பருத்தன. கோல்கள் ஏழடிக்கும் எட்டடிக்கும் வளர்ந்து, இன்று எட்டரை, ஒன்பதடி சாதாரணமாகிவிட்டது. பத்தடிக் கோலும் கிடைக்கிறது.

நீளம் வீச்சின் தூரத்துக்காகத்தான் என்று நினைப்பார்கள். தூரமும் கிடைக்கும், மறுக்கவில்லை. என்னைக் கேட்டால் முதல் காரணம் படகோரத்தில் போடும் எட்டுதான். மஸ்கிக்கு ஒரு பழக்கம் உண்டு: இரைக்குப் பின்னாலேயே வரும், கடிக்காது. படகு வரை வந்து, உங்களையும் பார்த்துவிட்டு, அமைதியாகக் கீழே இறங்கிவிடும். அதனால் ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும், லீடர் (நூலுக்கும் இரைக்கும் நடுவில் கட்டும், பல் அறுக்காத துண்டு) நுனி வளையத்தை நெருங்கும்போது, கோலின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி இரையை எட்டு வடிவில் சுற்ற வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்காக எட்டு போட்டவர்களுக்கு விளங்கும்: வளைவு அகலமாக இருந்தால்தான் வண்டி திரும்பும், குறுக்கினால் கால் ஊன்ற வேண்டியதுதான். நான்கு அடி நீள மீனுக்கும் அதே சட்டம். ஏழடிக் கோலில் போடும் எட்டு சின்னது. அவ்வளவு பெரிய உடல் அதில் திரும்ப முடியாமல் இரையைத் தவறவிடும். ஒன்பதடிக் கோலில் அகலமாகவும் ஆழமாகவும் சுற்றலாம், முதுகையும் அதிகம் வளைக்க வேண்டாம். நான் பிடித்தவற்றில் கணிசமானவை படகிலிருந்து இரண்டு கைத்தூரத்தில் கடித்தவைதான். மீன் தென்படாவிட்டாலும் எட்டு போடுங்கள். நாம் பார்க்காத மீன்தான் பெரும்பாலும் கடிக்கும்.

நீளத்துக்கு விலையும் உண்டு. கோல் நீளும்போது இரையின் கனம் உங்கள் மணிக்கட்டிலிருந்து தள்ளிப்போகிறது. கடையில் வெறுங்கோலைத் தூக்கி “ஆகா, லேசு!” என்று சொல்வது எளிது. நூல் சுற்றும் ரீலைப் பூட்டி, உங்கள் இரையை நுனியில் தொங்கவிட்டு, ஐந்து நிமிடம் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். ஐந்தேகால் அடி உயரமுள்ளவருக்கும் ஆறடி உயரமுள்ளவருக்கும் ஒரே கோல் பொருந்தாது. சூயிக் போன்ற இரைகளை அதிகம் ஆட்டப்போகிறவர் ஏழரை, எட்டடியோடு நிற்கலாம். கயாக்கில் உட்கார்ந்தபடி பிடிப்பவருக்கும் அதுவே வசதி. நீங்கள் படகில் நின்று பக்டெய்லும் ரப்பரும் வீசப்போகிறவர். எட்டரை அடிக்குக் குறைய வேண்டாம்.

வலுவும் வளைவும் இரண்டு தனிச் சங்கதிகள். வலு என்பது எவ்வளவு பாரத்துக்குக் கோல் வளைந்துகொடுக்கிறது என்பது. வளைவு என்பது எந்த இடத்திலிருந்து வளைகிறது என்பது. நுனி மட்டும் வளைந்தால் ‘ஃபாஸ்ட்’. நடுப்பகுதியும் சேர்ந்து வளைந்தால் ‘மாடரேட்’. ரப்பரைத் தூக்கித் தூக்கி விடவும் மர இரையை வெட்டி இழுக்கவும் ஃபாஸ்ட் நல்லது, கையசைவு உடனே இரைக்குப் போய்ச் சேரும். பக்டெய்லுக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட ‘மாடரேட் ஃபாஸ்ட்’தான் என் தேர்வு. பின்னல் நூல் நீளாது. மீன் படகுக்குப் பக்கத்தில் தலையை உதறும்போது அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டாமா? கோலின் நடுப்பகுதி வாங்கிக்கொள்ளும். விறைத்த கோலில் அது நேராக முள்ளுக்குப் போய், முள் பிய்ந்துவிடும்.

இனி தீர்ப்பு. ஒரே கோல் என்றால் எட்டரை முதல் ஒன்பதடி, மஸ்கிக்கென்றே செய்த ஹெவி, மாடரேட் ஃபாஸ்ட் வளைவு, இரை வரம்பு ஏறத்தாழ 3 முதல் 8 அவுன்ஸ். பக்டெய்ல் எடையில் இந்த வரம்பின் அடியில் நின்றாலும், இழுக்கும்போது அதற்கு இந்த வலு வேண்டும். “அப்படியென்றால் என் 8 அவுன்ஸ் ரப்பர் உச்சத்தில் நிற்கிறதே?” என்று கேட்பீர்கள். ஆம். என் யோசனை, அந்த ரப்பரை மாற்றிக்கொள்ளுங்கள். கவார்த்தா ஏரிகள் ஆழம் குறைந்தவை, கொடி மண்டியவை. மீன்கள் எண்ணிக்கையில் அதிகம், அளவில் நடுத்தரம். அங்கே 4 அவுன்ஸை ஒட்டிய ரப்பர் தாராளமாகப் போதும். புல்டாக் என்ற ரப்பர் இரை வகையில் சாதாரண அளவு அதற்குள் வந்துவிடும். 8 அவுன்ஸ் மேக்னம், அதற்கும் மேலே பெயருக்கேற்ப ஒரு பவுண்டு கனக்கும் பவுண்டர் எல்லாம் செயின்ட் லாரன்ஸ் நதியிலும் ஜார்ஜியன் விரிகுடாவிலும் இலையுதிர் காலத்தில் பெரிய மீனைத் தேடுபவர்களின் சரக்கு. அவற்றுக்கு எக்ஸ்ட்ரா ஹெவி தேவை. அந்தக் கோலில் சாதாரண பக்டெய்லை வீசினால் கம்பத்தில் கயிறு கட்டி எறிவது போலிருக்கும். ஒரே கோலில் 2 அவுன்ஸும் 12 அவுன்ஸும் வீசலாம் என்று யாராவது சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். இரையை மாற்றுவது கோலை மாற்றுவதைவிட மலிவு.

பிடியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தோள்வலி வந்த பிறகுதான் கேட்பார்கள். பெரிய இரையை ஒற்றைக் கையால் வீசக் கூடாது. ஒரு கை ரீலில், மறு கை பிடியின் அடிமுனையில். மேல் கை தள்ள, கீழ்க் கை இழுக்க, கோல் நெம்புகோலாக வேலை செய்யும். இதற்கு ரீலுக்குப் பின்னால் போதிய நீளம் வேண்டும். இழுக்கும்போது அடிமுனையை அக்குளில் இடுக்கிக்கொள்ளவும் அது உதவும். அளவு மீறி நீண்டாலோ, எட்டு போடும்போது உயிர்காப்பு அங்கியில் மாட்டிக்கொண்டு சரியான நேரத்தில் காலை வாரும். வாங்கும்போது தடித்த சட்டை போட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். தக்கையா, ஃபோம் பிடியா என்பது அவரவர் ருசி. ஈரக் கையிலும் வழுக்காது என்பதால் எனக்குத் தக்கை பிடிக்கும்.

வளையங்களின் உள்ளே பீங்கான் பூண் இருக்கும். அது விரிசல் விட்டாலோ கழன்று விழுந்தாலோ பின்னல் நூல் அறுபட்டு, விலை உயர்ந்த இரை வானத்தில் பறந்து போகும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சைத் திரித்து ஓட்டிப் பாருங்கள். இழை பிடித்தால் விரிசல் என்று பொருள்.

நூல் 80 பவுண்டுப் பின்னல் நூல். ரப்பர்தான் அதிகம் என்றால் 100. அத்தனை பவுண்டு எதற்கு என்று பாஸ் பிடிப்பவர்கள் சிரிப்பார்கள். மீன் அறுத்துவிடும் என்பதற்காக அல்ல. வீச்சின் நடுவில் ரீலில் சிக்கு விழுந்து நூல் திடீரென்று நின்றால், பறந்துகொண்டிருக்கும் கால் கிலோ தரும் அடி மெல்லிய நூலைத் தெறிக்கவைத்துவிடும். தடித்த நூல் ரீலுக்குள் தன் அடுக்குகளிடையே புதைவதும் குறைவு. நூலின் முனையில் கம்பி லீடரோ 100 பவுண்டுக்கு மேற்பட்ட தடித்த ஃபுளோரோகார்பன் லீடரோ கட்டாயம். மஸ்கியின் பற்களைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ரீல் 300 அல்லது 400 அளவு. இரட்டைத் தகடு பக்டெய்லை இழுக்கக் குறைந்த கியர் விகிதம் கைக்குச் சுகம். அதிவேக ரீலில் இழுத்தால் முதல் நாள் இரவே முழங்கை பேசும். இரண்டு வகை இரைக்கும் ஒரே ரீல் என்றால் 6:1 கியர் விகிதத்தை ஒட்டிய ஒன்றை எடுங்கள்.

கோல் வாங்கியாயிற்று என்றால் அதை முறிக்காமல் வைத்திருப்பது தனிக் கலை. நுனிக்குக் கீழே லீடரும் சேர்த்து ஒன்றரை, இரண்டடி நூல் தொங்கவிட்டு, பின்னால் கொண்டுபோய், ஒரு கணம் கனம் ஏறவிட்டு, வழுவழுப்பாகத் தூக்கி எறிய வேண்டும். சாட்டையைச் சொடுக்குவது போல வீசக் கூடாது. மீன் வலைக்கு வரும்போது கோலைச் செங்குத்தாக நிமிர்த்தாதீர்கள்; பாரம் முழுவதும் மெல்லிய நுனிக்கு ஏறி கிராஃபைட் நொறுங்கும். படகில் கிடக்கும் கோலின் மேல் இரையின் ஈயம் ‘டக்’கென்று மோதுவதும் அபாயம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கும், அடுத்த மாதம் நல்ல மீனில் அதே இடத்தில் முறியும். பிறகு உற்பத்தியாளரைத் திட்டுவோம். துணி உறை ஒன்று போட்டு வைப்பது நல்லது. இதே காரணத்தால்தான் முதல் கோலாக மிக லேசான, உயர் ரகக் கிராஃபைட்டை நான் பரிந்துரைப்பதில்லை. லேசாக லேசாக நொறுங்கும் குணமும் ஏறும். கண்ணாடியிழை கலந்தது கொஞ்சம் கனம், ஆனால் அடி தாங்கும்.

நிறுவனப் பெயர் கேட்பீர்கள். விஸ்கான்சினின் பார்க் ஃபால்ஸில் இருக்கும் செயின்ட் குரோய் நிறுவனத்துக்கு மஸ்கி கோல்களில் நல்ல பெயர். மஸ்கி அந்த மாநிலத்தின் அடையாள மீன், 1955 முதல். ஊரே அந்த மீனோடு வளர்ந்தது. ஷிமானோ, ஒகூமா போன்றவையும் மஸ்கிக்கென்று தனி வரிசை வைத்திருக்கின்றன. மிக விலையுயர்ந்ததற்கும் நடுத்தர விலைக்கும் உள்ள வேறுபாடு மாலை நான்கு மணிக்குத் தோளில் தெரியும்; மீனுக்குத் தெரியாது. பணம் மிஞ்சினால் கோலின் தரத்தைக் கூட்டாமல் ரீலில் போடுங்கள். அதையும்விட முதலில் பெரிய ரப்பர் வலை, நீண்ட மூக்குக் குறடு, முள்ளை வெட்டும் கட்டர் மூன்றையும் வாங்குங்கள்.

“மீன் தாங்கும் கோல்” என்று கேட்டதில் ஓர் உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மென்மையான கோலால் பொறுமையாக விளையாடிப் பெரிய மஸ்கியையும் கொண்டுவந்துவிடலாம். ஆனால் அது களைத்து ஓய்ந்த மீனாக இருக்கும். திரும்ப விட்டாலும் பிழைக்காமல் போகலாம். வலுவான கோல் மீனைச் சில நிமிடங்களில் வலைக்குள் கொண்டுவந்துவிடும். கோடையில் மேற்பரப்பு நீர் 27 டிகிரி செல்சியஸை எட்டினால் எந்தக் கோலும் வேண்டாம், வீட்டில் இருங்கள். அந்த வெப்பத்தில் போராடிய மீன் நீந்திப் போனாலும் பிறகு இறக்கக்கூடும். பருவம் எப்போது திறக்கிறது, எந்த அளவு மீனை வைத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் ஏரிக்கு ஏரி மாறும். ஒன்டாரியோவின் அந்த ஆண்டு விதிப் புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் இன்னொரு வேலை: உங்கள் காரை அளந்துகொள்ளுங்கள். எட்டரை அடி என்றால் 259 சென்டிமீட்டர், ஒன்பதடி 274. பல மஸ்கி கோல்கள் ஒரே துண்டு. சிலவற்றில் பிடிக்குள் கோல் இறங்கி ஓர் அடி போலக் குறையும். படகின் கோல் பெட்டிக்காகச் செய்த வசதி அது. முன்கண்ணாடியின் கீழ் மூலையிலிருந்து பின்கண்ணாடியின் எதிர் மூலை வரை நாடாவைப் பிடித்துப் பாருங்கள். நான் அளக்காமல் வாங்கி, நவம்பர் மாதத்தில், பக்கத்துக் கண்ணாடியைப் பாதி இறக்கி நுனியை வெளியே நீட்டியபடி, 401 நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டி வீட்டுக்கு வந்தேன். மனைவி இன்றும் அந்தக் கோலைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, “சளிக் கோல்” என்றுதான் சொல்வார்.